பார்மசி படிக்க விரும்பும் பிள்ளைக்குப் படிவம் மூன்றிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளிவரும் வாரத்தில் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்கள் மேற்கல்வி வழிகாட்டிக் கட்டுரைகளாலும் கல்லூரி விளம்பரங்களாலும் நிறைந்துவிடுகின்றன. அவற்றுள் பயனுள்ளவற்றைக் கத்தரித்து எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பது என் வழக்கம். இம்முறை ஒட்டியவற்றில் மருந்தாளர் படிப்பைப் பற்றிய ஒரு பத்தியும் இருந்தது. மறுநாள் மாலை, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் என் பக்கத்து வீட்டுக்காரர் மகளுடைய தேர்வு முடிவுச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "டிரெசர் ஐயா, அந்தப் பார்மசிக்கு நம்ம பிள்ளை போகலாமா, பாருங்க" என்றார்.

சீட்டைப் பார்த்தேன். ஆறு பாடங்களில் ஏ. கணிதத்தில் ஏ, அறிவியலில் ஏ, தமிழ்மொழியில் ஏ. ஆனால் அந்தச் சீட்டில் வேதியியல் என்ற சொல் எங்குமே இல்லை. உயிரியலும் இல்லை, பௌதிகமும் இல்லை. கணக்கியலும் பொருளியலும் இருந்தன. பெற்றவரும் பெண்ணும் கையில் வைத்திருந்தது மிக நல்ல தேர்ச்சிதான். பார்மசிக்கு விண்ணப்பிக்க மட்டும் அது உதவாது. அந்தப் பெண் பின்தங்கியது தேர்வு அறையில் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, படிவம் நான்கில் எந்தப் பாடத் தொகுப்பு என்று கேட்டு வந்த ஒரு பாரத்தில், அப்பா கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அது முடிந்துவிட்டது. அந்தப் பாரத்தில் என்ன எழுதியிருந்தது என்பது தமக்கு இப்போது நினைவில்லை என்றார் அவர். நினைவிருக்க நியாயமும் இல்லை. பார்மசி என்ற பேச்சே அப்போது வீட்டில் இல்லை. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது இந்த நிகழ்ச்சிதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல், முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் பயிரிட்ட தோட்டங்களில் டிரெசராக இருந்தவன். 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவன். மிக்சர் கலக்குவதும் மாத்திரை எண்ணிக் கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஒருவரே செய்த காலம் அது. அதனால் தோட்டத்து மக்களுக்கு மருந்தாளர் என்று தனியே ஒருவர் இருப்பது இன்றும் சரியாகப் பிடிபடவில்லை. நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுத்து அனுப்பிவிடுவதால், பார்மசி என்றால் கடையில் நின்று இருமல் மருந்து விற்கும் வேலை என்று எண்ணுவோரே அதிகம். அந்த எண்ணம் இருக்கும் வரையில், அதற்கு ஏன் இத்தனை கடினமான நுழைவுத் தகுதி என்ற கேள்வியும் அவர்களுக்கு எழத்தான் செய்யும். 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர் மட்டுமே மருந்தாளர். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் மருந்தாளருக்கென வழங்கப்படும் 'ஏ' வகை உரிமம் இல்லாமல், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை ஒரு மருந்தகம் விற்க இயலாது. ஒரு மருந்து இன்னொன்றோடு சேர்ந்தால் உடம்பில் என்ன ஆகும், சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டு, மருத்துவர் எழுதியதையே திருப்பிக் கேட்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. வேதியியலும் உயிரியலும் அறியாதவரிடம் அந்தப் பொறுப்பை யார் கொடுப்பார்கள்?

இனி விதிக்கு வருகிறேன். இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மலேசிய மருந்தக வாரியம், நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் பொருந்தும் குறைந்தபட்சத் தகுதியை வகுத்து வைத்திருக்கிறது. எஸ்.பி.எம். அளவில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மற்றும் வேறொரு பாடம் என ஐந்து பாடங்களில் குறைந்தது 'பி' பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம்., அரசாங்கம் நடத்தும் மெட்ரிகுலேஷன், அடித்தளக் கல்வி போன்ற ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பை முடித்து, அதில் ஒட்டுமொத்தத் தரப்புள்ளி 3.00க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் வீழ்வது முதலாவதில்தான்.

அந்த முதலாவதிலும் இரண்டு இடங்களில் நம்மவர்கள் தொடர்ந்து தவறிவிடுகிறார்கள். ஒன்று, 'கிரெடிட்' என்ற சொல். எஸ்.பி.எம்.மில் 'சி' எடுத்தாலே அது கிரெடிட்தான். வீட்டில் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், பல படிப்புகளுக்கு அது போதும். ஆனால் 'சி'க்கு மேலே 'சி+', அதற்கும் மேலேதான் 'பி'. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பையன் வேதியியலிலும் உயிரியலிலும் ஏ வாங்கியிருந்தான். பௌதிகத்தில் மட்டும் 'சி+'. "எல்லாத்திலயும் கிரெடிட் இருக்கே" என்று அவனுடைய தந்தை கடைசி வரையில் வாதாடிக்கொண்டிருந்தார். அவரிடம் விளக்கப் போய் நான்தான் பொல்லாதவனாகிப் போனேன்.

மற்றொன்று, 'அறிவியல்' என்ற பாடப் பெயர். தனி அறிவியல் பாடங்களை எடுக்காத மாணவர்கள் படிவம் நான்கிலும் ஐந்திலும் படிக்கும் பொது அறிவியல் பாடம் வேறு. உயிரியல், வேதியியல், பௌதிகம் என்று தனித்தனியே படிப்பது வேறு. அறிவியலில் ஏ எடுத்த பிள்ளை அறிவியல் படிப்புக்குப் போகலாம் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் எண்ணினார்; அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன்பெல்லாம் 'அறிவியல் பிரிவு', 'கலைப் பிரிவு' என்று பள்ளியில் இரண்டே பிரிவுகள் இருந்தன. தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களுக்குக்கூட, எந்தப் பிரிவில் சேர்ந்தால் பிள்ளை எங்கே போகலாம் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. 2020இல் புதிய பாடத்திட்டம் படிவம் நான்கை எட்டியபோது அந்தப் பிரிப்பு எடுக்கப்பட்டு, பாடத் தொகுப்புகள் வந்தன. ஒரு வகையில் இது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொகுப்பின் பெயரைப் பார்த்து அதற்குள் எந்தெந்தப் பாடம் இருக்கிறது, எது இல்லை என்று பெற்றோரால் சொல்ல முடியாது. உயிரியல், வேதியியல், பௌதிகம், கூடுதல் கணிதம் நான்கும் உள்ள தொகுப்பும் உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கணினி அறிவியலையோ வேறொரு தொழில்நுட்பப் பாடத்தையோ சேர்த்த தொகுப்பும் உண்டு. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால், 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்றுதான் பள்ளியில் குறிப்பிடுகிறார்கள். ஸ்டெம் என்று கேட்டுத் தலையாட்டிவிட்டு வரும் தகப்பனுக்கு, உயிரியல் விடுபட்டுப் போனது எப்படித் தெரியும்?

அதற்கும் மேலே, சிறு நகரப் பள்ளிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். உயிரியல் வகுப்பைத் திறக்கப் போதிய மாணவர் சேரவில்லை என்றால் அந்தத் தொகுப்பே அவ்வாண்டு அங்கே இருப்பதில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இலும் படிவம் மூன்றின் தேர்வான பி.டி.3 2022இலும் நீக்கப்பட்ட பின், படிவம் நான்கில் ஒரு மாணவரை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது என்பதற்குப் பள்ளியின் மதிப்பீடே முதன்மையான அளவுகோலாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய்மொழியில் பாடங்களைக் கேட்டுப் பழகுவதற்கே இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஒரு பிள்ளை, படிவம் மூன்றின் மதிப்பெண்ணை வைத்து "இவருக்குக் கணக்கியல் போதும்" என்று ஒதுக்கப்படும்போது, "இல்லை, என் பிள்ளை வேதியியல் படிக்கட்டும்" என்று ஆசிரியரிடம் சொல்லத் தகப்பனுக்கு முதலில் ஒரு காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காதவருக்கு யாரும் தேடிப் போய்ச் சொல்வதில்லை என்பதே என் அனுபவம்.

எஸ்.பி.எம்.மைத் தாண்டியவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. மெட்ரிகுலேஷனில் அறிவியல் மாணவருக்கும் வெவ்வேறு பாடத் தொகுதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் இருக்கிறது. பார்மசிக்கு வேதியியல் எந்த வழியிலும் தவிர்க்க இயலாதது. அதனோடு உயிரியலையும், கணிதம் அல்லது பௌதிகத்தையும் வைத்துக்கொள்பவருக்கே எல்லாப் பல்கலைக்கழகங்களின் வாசலும் திறந்திருக்கும். ஆகவே இடம் கிடைத்த மகிழ்ச்சியில், கிடைத்த தொகுதியை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். 2024இல் அரசாங்கம், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த மாணவர் எந்த இனத்தவராயினும் அவர்களுக்கு மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று அறிவித்தது நமக்கெல்லாம் நிம்மதியளித்தது. ஆனால் தோட்டத்து ஊர்ப் பிள்ளைகளில் பத்து ஏ எடுப்பவர் எத்தனை பேர்? ஆறும் ஏழும் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஆறாம் படிவம்தான் கைக்கெட்டும் வழி.

ஆறாம் படிவத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஏனோ ஓர் இளக்காரம் இருக்கிறது. மற்றெங்கும் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் இடம் அது என்று நினைக்கிறார்கள். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை, கடினமான பாடம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே மெட்ரிகுலேஷனில் உள்ளதுபோல் இனவாரி இட ஒதுக்கீட்டு விகிதம் கிடையாது, கல்லூரிக் கட்டணம் கிடையாது. பொதுப்பாடத்தோடு வேதியியல், உயிரியல், கணிதம் என்று எடுத்து 3.00க்கு மேல் பெற்றவரின் விண்ணப்பத்தை எந்தப் பல்கலைக்கழகமும் பாடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பாது. பிள்ளை வீட்டில் இருந்தபடியே பேருந்தில் போய் வரலாம். தேவையெல்லாம் பயணச் செலவும் புத்தகச் செலவும் மட்டும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, தனியார் கல்லூரியின் அடித்தளக் கல்விக் கட்டணத்தைவிட இது எவ்வளவோ மேல்.

3.00 என்பது விண்ணப்பிக்கும் தகுதிதானே ஒழிய இடத்துக்கு உறுதியில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. எனும் பொது விண்ணப்ப முறை வழி விண்ணப்பிக்கும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடும் கணக்கிடுகிறார்கள். பார்மசிக்குப் போட்டி கடுமையானது, 4.00ஐ ஒட்டி நிற்பவர்களோடுதான் மோத வேண்டும். நேர்முகத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. மூவெட் ஆங்கிலத் தேர்வும் உண்டு. 1972இல் இத்துறையைத் தொடங்கி நாட்டின் முன்னோடியாக விளங்கும் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமானாலும், மலாயாப் பல்கலைக்கழகமானாலும், தேசியப் பல்கலைக்கழகமானாலும் இதுவே நிலை. சீருடை இயக்கத்துக்கும் திடல் விளையாட்டுக்கும் போகவிடாமல் பிள்ளையை டியூஷனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் அந்தப் பத்து விழுக்காட்டை நினைவில் வைப்பது நல்லது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் செலவு. அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். நம் சமுதாயத்தின் முயற்சியால் உருவான, கெடா செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு இருக்கிறது. ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் பட்டத்தை மருந்தக வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று வாரியத்தின் பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். முகவர் காட்டும் அழகிய அட்டைப் படத்தில் வாரியத்தின் அங்கீகாரம் இருக்காது.

முகவர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உள்ளது. மேலே சொன்ன, பௌதிகத்தில் 'சி+' வாங்கிய பையனுக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒரு கல்விக் கண்காட்சியில், கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஆலோசகர், "ஐந்து கிரெடிட் போதும், இதுவும் பார்மசிதான்" என்று சொல்லி அவனை மருந்தக டிப்ளோமாவில் சேர்த்துவிட்டார். இரண்டாம் ஆண்டு பாதியில்தான், இதை முடித்தால் மருந்தாளர் ஆக முடியாது, மருந்தக உதவி அலுவலர்தான் ஆகலாம் என்பது அவனுக்குத் தெரிந்தது. அது கௌரவமான வேலை. ஒவ்வோர் அரசாங்க மருத்துவமனையும் அவர்களை நம்பியே ஓடுகிறது. உதவியாளராகவே வாழ்ந்த நான் அதைத் தாழ்வாகச் சொல்வேனா? மிக நல்ல புள்ளியோடு டிப்ளோமாவை முடிப்பவர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று. டிப்ளோமாவா பட்டமா என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டம் பெற்ற பின்னும் உடனே கடை திறந்துவிட முடியாது. ஓராண்டு தற்காலிகப் பதிவோடு பயிற்சி செய்து, மருந்துச் சட்டம் பற்றிய தேர்விலும் தேறிய பிறகே முழுப் பதிவு. அரசாங்கப் பணியும் முன்போல் நிரந்தரமாக உடனே கிடைப்பதில்லை. ஒப்பந்த நியமனம்தான் இப்போது வழக்கம். எஸ்.பி.எம். முடித்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஆறரை, ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே மனத்தில் கொண்டால், இடையில் பணம் போதாமல் பிள்ளையை நிறுத்தும் நிலை வராது.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. இந்தத் தகுதி விவரங்களைத் தாங்கள் எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் வெளியிடுவதோடு நிறுத்தாமல், ஒவ்வோர் ஆண்டும் படிவம் மூன்று மாணவர்கள் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு முன்பாக, அதாவது பள்ளித் தவணை முடிவதற்கு ஓரிரு மாதங்கள் இருக்கும்போதே, ஒரு முழுப் பக்கத்தில் வெளியிட வேண்டும். பார்மசிக்கு மட்டுமன்று, மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் என ஒவ்வொன்றுக்கும் எஸ்.பி.எம்.மில் எந்தப் பாடம் வேண்டும், என்ன தரம் வேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும். பாடங்களின் பெயரைத் தமிழில் எழுதி, பள்ளிப் பாரத்தில் அச்சாகியிருக்கும் மலாய்ப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே அருகில் கொடுத்தால், பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆறாம் ஆண்டோடு தங்கள் கடமை முடிந்தது என்று எண்ணாமல், மூன்று ஆண்டுகள் கழித்துத் தங்கள் பழைய மாணவர்களின் பெற்றோரை ஒரு மாலை அழைத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டலாம். மண்டபமும் தேநீரும் எங்கள் கோயில் பொறுப்பு.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது ஆறாம் படிவத்தில் கணக்கியல் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். அவளுடைய தம்பி இவ்வாண்டு படிவம் மூன்றில் இருக்கிறான். பாரம் ஆண்டு இறுதியில் வந்துவிடும். அதற்கு முன் அந்தப் பக்கம் வெளிவருமானால் எனக்கு இருபது பிரதிகள் தேவைப்படும். கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேரா